பாமினி எழுத்துருவில் இருக்கும் பாடநூலை இபப் (திரைக்கேற்ப வரி மடங்கும் மின்னூல்) ஆக்க எங்கிருந்து தொடங்குவது?

பாடமேசை:
ஒன்பதாம் வகுப்பு அறிவியல் துணைநூல், 180 பக்கம். பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பும், அச்சுக்குப் போன பிடிஎஃப்பும் இருக்கின்றன. மாணவர்கள் படிப்பது கைபேசியில். பிடிஎஃப் பக்கத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கிறது. மின்னூல் மாற்றும் மென்பொருளான காலிபரில் பிடிஎஃப்பைக் கொடுத்து இபப் எடுத்தால் எழுத்தெல்லாம் குப்பை, வரிகள் பாதியில் உடைகின்றன. இன்னொன்று: ஆசிரியர் "42ஆம் பக்கம் எடுங்க" என்றால் அச்சு நூல் வைத்திருப்பவரும் கைபேசி வைத்திருப்பவரும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். முடியுமா?

எழுத்துக்கூடு:
பிடிஎஃப்பை ஒதுக்கிவிட்டு வேர்டு கோப்பிலிருந்து தொடங்குங்கள். அச்சுக்கான பிடிஎஃப்பில் எந்த எழுத்து எந்த இடத்தில் என்ற கணக்கு மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். பத்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. வரி உடைவது அதனால்தான்.

பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள். முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போட்டால் வேறு எழுத்துருவில் இருக்கும் வேதிக் குறியீடுகளும் அலகுகளும் தமிழாக மாறிச் சிதைந்துவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவைப் 'பாமினி' என்று குறித்து, அந்தப் பகுதிகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

மாற்றியபின் பிழை ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. சொல்லின் தொடக்கத்தில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி தனியாக நிற்கிறதா என்று தேடுங்கள். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். வரிசை மாறாமல் தப்பியவை இந்தத் தேடலில் சிக்கும். அடுத்தது ஔகாரம். 'வௌவால்' பல கோப்புகளில் கொம்பும் ளகரமுமாக 'வெளவால்' என்று கிடக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மாணவர் சரியாக அடித்துத் தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பான் 'வெ-ள-வால்' என்று படிக்கும். இதை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள், 'வெளிச்சம்', 'வெள்ளி' எல்லாம் கெட்டுவிடும். பௌதிகம், பௌர்ணமி, மௌனம், வௌவால் என்று சொல் சொல்லாகத் தேடித் திருத்துவதுதான் பத்திரம். எல்லாம் முடிந்தபின் ஒருமுறை என்எஃப்சி முறைக்கு (ஒரே எழுத்தைப் பல விதமாகக் குறிக்காமல் ஒரே விதமாக்கும் யூனிகோடு முறை) இயல்பாக்குங்கள். இரண்டு துண்டாகக் கிடக்கும் ஒகர, ஓகாரக் குறிகள் ஒன்றாகிவிடும்.

பக்க எண் முடியும். அச்சில் புதுப் பக்கம் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் அடையாளக் குறி வைத்து, இபப்புக்குள் இருக்கும் வழிசெலுத்தல் கோப்பில் 'பேஜ்-லிஸ்ட்' என்ற பட்டியலில் சேர்க்க வேண்டும். 180 குறிகளை வைப்பது அலுப்பான வேலைதான், ஆனால் வகுப்பறைக்கு இது இல்லாமல் ஆகாது. பட்டியலைக் காட்டாத படிப்பான்களும் (இபப் படிக்கும் செயலிகள்) உண்டு. அதனால் பக்க எண்ணைச் சிறிய எழுத்தில் உரையிலும் காட்டிவிடுங்கள்.

பொதியன்:
மேலே சொன்னதோடு சில. தலைப்புகளைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கி மட்டும் விட்டிருந்தால் பொருளடக்கம் தானாக வராது. வேர்டில் 'ஹெட்டிங் 1', 'ஹெட்டிங் 2' பாணிகளைக் கொடுத்துவிட்டு இபப் எடுங்கள். இபப்பைத் திருத்தும் மென்பொருளான சிகிலில் பாடத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவிடுங்கள். முழு நூலும் ஒரே கோப்பில் இருந்தால் குறைந்த நினைவகக் கைபேசி திணறும்.

நூல் விவரத்தில் மொழி 'ஆங்கிலம்' என்று கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படிக் கிடந்தால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழை விழுங்கிவிடலாம். நூல் விவரம், ஒவ்வொரு பாடக் கோப்பின் தொடக்கத்தில் வரும் 'எச்டிஎம்எல்' குறி இரண்டிலும் தமிழ் என்று குறிக்க வேண்டும்.

நீரின் வாய்ப்பாடு போன்றவற்றுக்குப் படம் வேண்டாம், கீழ்க்குறி போதும். பின்னம், வர்க்கமூலம் வந்தால் கணிதத்தை எழுதுவதற்கான குறிமொழியான மேத்எம்எல். அதைக் காட்டாத படிப்பான்களைத்தான் மாணவர்கள் வைத்திருக்கிறார்கள் என்றால் பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி படமும், வாய்விட்டுப் படிக்கத்தக்க மாற்றுரையும். நான்கு நிரலுக்கு மேல் போகும் அட்டவணையை இரண்டாகப் பிரியுங்கள்.

இரு ஓரமும் நேராக்க வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், கைபேசித் திரை குறுகல். இரண்டு சொல்லுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக, வரி இடைவெளி 1.5.

பாடமேசை:
சிகிலில் எடுத்த கோப்பு திறந்தது. பெயரை ஜிப் என்று மாற்றிப் பிரித்து, படங்களைச் சிறிதாக்கித் திரும்ப ஜிப் செய்தேன். இப்போது இபப் கோப்பைச் சோதிக்கும் இபப்செக் பிழை காட்டுகிறது, ஒரு படிப்பானில் திறக்கவும் இல்லை.

எழுத்துக்கூடு:
இபப் பொதியில், இது இபப் என்று அறிவிக்கும் 'மைம்டைப்' கோப்பு முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். சாதாரணமாக ஜிப் செய்தால் இவை தவறிவிடலாம். வெளிக் கோப்புறையோடு சேர்த்து ஜிப் செய்திருந்தால் எல்லாம் ஓர் அடுக்கு உள்ளே போயிருக்கும், அதையும் பாருங்கள். சிறிதாக்கிய படங்களைச் சிகிலுக்குள்ளேயே அதே பெயரில் மாற்றிச் சேமியுங்கள். பொதியை அதுவே ஒழுங்காகக் கட்டும். பிறகு இபப்செக்கை மறுபடி ஓட்டி, முதல் பிழையிலிருந்து திருத்திக்கொண்டு வாருங்கள். பின்னால் வருபவை பல நேரம் அதன் தொடர்ச்சியாகவே இருக்கும்.