உயர்நீதிமன்ற வளாகத்துக் கல்தூணும் சென்னையின் பழைய விளக்குகளும்

கடலோரவாசி:
உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் உயரமான கல்தூண் ஒன்று தனியாக நிற்கிறதே, அதுதான் பழைய கலங்கரை விளக்கம் என்கிறார்கள் சிலர். இல்லை, நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான் விளக்கு எரிந்தது என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? மெரினா விளக்கத்துக்கு முன் எத்தனை இருந்தன? எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

கோட்டைவாசல்:
இரண்டுமே சரிதான் நண்பரே. மொத்தம் நான்கு. நான்கு இடமும் இன்றும் நிற்கின்றன.

முதலாவது, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம். வணிகர்கள் கூடும் இடமாக இருந்த அதன் மாடியில் 1796 முதல் தேங்காய் எண்ணெய் விளக்கு எரிந்தது. துறைமுகம் கிடையாது, கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிடும், சரக்கும் ஆளும் மசூலாப் படகில் கரைக்கு வரும். அதனால் இரவில் கரையை அடையாளம் காட்ட உயரத்தில் ஒரு வெளிச்சம் தேவைப்பட்டது. அந்த விளக்கின் கூண்டு இப்போது இல்லை. அதைத் தேடி மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு இடம் தவறிவிட்டோம் என்று பலர் திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது, நீங்கள் கேட்ட தூண். கிரேக்க டோரிக் பாணி, கருங்கல். 1844 ஜனவரி 1 முதல் எரிந்தது. நீதிமன்றம் 1892-இல்தான் திறக்கப்பட்டது. அதாவது, தூண் அங்கே வந்து 48 ஆண்டுகளுக்குப் பிறகே கட்டடம் வந்தது. தூணைவிட உயரமான 175 அடிக் கோபுரம் பக்கத்திலேயே எழுந்துவிட்டதால் 1894-இல் விளக்கு அதன் உச்சிக்கு ஏறியது. அது மூன்றாவது. 1977 ஜனவரியில் மெரினாவில் நான்காவது வந்தது.

பூக்கடைத்தெரு:
அவ்வளவு பெரிய வளாகத்துக்கு நகரின் நடுவில் காலி இடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே இருந்தது பழைய கறுப்பர் நகரம், அதாவது கோட்டைக்கு வெளியே உள்ளூர் மக்கள் வாழ்ந்த பகுதி. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள்; 1758-59-இல் மீண்டும் முற்றுகையிட்டார்கள். வீடுகளின் மறைவில் எதிரி நெருங்கிவிடக் கூடாது, பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. தேவராஜ முதலி தெருவில் இன்று இருக்கும் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில்கள் அதற்கு ஈடாக எழுந்தவை. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டியவை. பூக்கடைக் காவல் நிலையப் பக்கம் போய்ப் 'பட்டணம் கோயில்' என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

வெட்டவெளியின் எல்லைக்கு 1773-இல் ஆறு கற்களை நட்டார்கள். மிஞ்சியது ஒன்றுதான். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி, மேல்நோக்கிக் குறுகிப்போகும் நான்முகக் கல். மைல்கல் என்று நினைத்து எல்லோரும் கடந்துபோகிறார்கள். சென்னையில் எனக்கு மிகப் பிடித்த கல் அது. நகரம் எந்தக் கோட்டில் வெட்டப்பட்டது என்பதற்குக் கையால் தொடக்கூடிய சாட்சி.

கோட்டைவாசல்:
நல்ல சேர்க்கை. கடலோரவாசி, வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, மெரினா விளக்கத்தில் மேலே ஏறத் திங்கள் விடுமுறை. இந்த இரண்டு நாளும் வேண்டாம். தலைமைச் செயலகம் இருப்பதால் கோட்டை வாசலில் சோதனை உண்டு; அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முதலில் கோட்டை. பிறகு வடக்கே நடந்து நீதிமன்றம். உள்ளே விடவில்லை என்றால் வாதாட வேண்டாம். தூணும் கோபுரமும் வெளியிலிருந்தே தெரியும், காவலரிடம் கேட்காமல் மட்டும் படம் எடுக்காதீர்கள். வெளிச்சுவரில் எம்டன் நினைவுப் பலகையைத் தவறவிடாதீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் வீசிய குண்டுகளில் ஒன்று அங்கே விழுந்தது. நாம் 'அவன் பெரிய எம்டன்' என்பது அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு பாரிமுனைக் கல், பட்டணம் கோயில். கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும், அதனால் கோட்டையில் நேரத்தை இழுக்காதீர்கள். கடைசியாகக் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி பறக்கும் ரயில். நிலையத்தின் பெயரே கலங்கரை விளக்கம்.

கடலோரவாசி:
மிக்க நன்றி. ஞாயிறு காலை கிளம்புகிறேன். தேவராஜ முதலி தெருவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவாக இருக்குமா?

பூக்கடைத்தெரு:
மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். தாராளமாக நின்று பார்க்கலாம்.