போர்டு லேஅவுட் கோப்புக்குத் தமிழில் என்ன போடலாம்?

சுங்கை சிப்புட், பயிற்றுநர்:
அனைவருக்கும் வணக்கம். இங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி பழுதுபார்க்கும் வகுப்பு நடத்துகிறோம். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்கீமேட்டிக்கை 'மின்சுற்று வரைபடம்' என்று எழுதிவிட்டேன். எது எதோடு இணைகிறது என்பதை அது சொல்லும். ஆனால் அதில் வரும் ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) மடிக்கணினியின் மின்சுற்றுப் பலகையில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவது லேஅவுட் கோப்புதான். பாகத்தின் எண்ணைத் தேடினால் இடம் தெரியும். பாகத்தின் ஓர் இணைப்புக் காலைத் திரையில் தட்டினால் அதே இணைப்பில் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒளிரும். மல்டிமீட்டர் முனையை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். பெயர் சொல்லுங்கள்.

ஈப்போ, தமிழாசிரியர்:
'நிரைப்படம்'. பால்மரம் வெட்டிய நம் பெற்றோர் தங்கள் மர வரிசையை 'என் நெரை' என்றுதானே சொன்னார்கள்? நேர், நிரை என்று அசை பிரித்தவர்கள் நாம். ஆநிரை, நிரைச்சல் எல்லாம் ஒரே வேர். இன்னொன்றும் சொல்கிறேன். சிதறிக் கிடக்கும் புள்ளிகளைச் சேர்த்து ஒரே இணைப்பாகக் காட்டுகிறது என்றீர்கள். செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்வதை நன்னூல் கொண்டுகூட்டுப் பொருள்கோள் என்கிறது, அதேதான் இது. அந்த வசதிக்குக் 'கொண்டுகூட்டு' என்றே பெயர் வைக்கலாம்.

கூலிம், தொழிற்சாலைப் பொறியாளர்:
ஐயா, பலகையில் வரிசை ஏது? செம்புத் தடம் வளைந்து வளைந்து போகும். அப்புறம், இரண்டு பொருளை ஒரே பெயரில் கட்டாதீர்கள். தயாரிப்புக்குப் போவது கெர்பர் கோப்பு. செம்புக்கு, அதன்மேல் பூசும் காப்புப் பூச்சான சால்டர் மாஸ்க்குக்கு, மேலே அச்சாகும் எழுத்துக்கு என்று ஒவ்வோர் அடுக்குக்கும் தனிக் கோப்பு, துளைகளுக்கு வேறொன்று. வழக்கமான கெர்பரில் வடிவங்கள்தான் இருக்கும், தேடித் தட்ட எதுவும் இருக்காது. கீகேட் என்ற பலகை வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைப்பவர் திறக்கும் கோப்பு வேறு. பழுது பார்ப்பவருக்கு வேண்டியது, நீங்கள் சொன்ன தேடித் தட்டும் கோப்பு, அதாவது போர்டுவியூ. அதற்கு 'பலகை அமைவிடப்படம்' போதும்.

கிள்ளான், மொழிபெயர்ப்பாளர்:
இந்தப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் மின்சுற்றை 'லித்தார்' என்று மலாயில் படித்தவர்கள். கொண்டுகூட்டு என்றால் முழிப்பார்கள். 'போர்டு லேஅவுட்' என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள்.

ஈப்போ, தமிழாசிரியர்:
தெரியாததைச் சொல்லிக்கொடுக்கத்தானே வகுப்பு? கெப்பாசிட்டர் என்றால் என்னவென்றும் முதல் நாள் அவர்களுக்குத் தெரியாது.

சுங்கை சிப்புட், பயிற்றுநர்:
சரி, 'அமைவிடப்படம்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் இதையே சொன்னார்கள். முதல்முறை வரும் இடத்தில் 'போர்டு லேஅவுட்' என்றும் சேர்த்துவிடுகிறேன். கெர்பர் கெர்பராகவே இருக்கட்டும்.

ஈப்போ, தமிழாசிரியர்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும் தம்பி. இன்று பழுது பார்க்கும் பிள்ளை நாளைக்குத் தானே பலகை வடிவமைக்கும். அப்போது லேஅவுட் செய்வதற்கு ஒரு வினை வேண்டும். நிரை என்றால் நிரைத்தான், நிரைத்தாள், நிரைப்பு என்று வரும். அமைவிடத்திலிருந்து என்ன வினை எடுப்பீர்கள்?

கூலிம், தொழிற்சாலைப் பொறியாளர்:
'அமைத்தான்' இருக்கிறதே, ஐயா.

ஈப்போ, தமிழாசிரியர்:
குழு அமைத்தான், கூடாரம் அமைத்தான், பலகையும் அமைத்தானா? எதை அமைத்தான் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிவரும். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடியும் எழுதுகிறேன்.