கிராவல் குழியில ஊத்து உடைஞ்சிருச்சு. எங்க கெணத்துத் தண்ணிக்கு யாருங்க கணக்குச் சொல்றது?

வேலந்தாவளம் தென்னை

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நம்ம தோட்டம் வேலந்தாவளம் பக்கம், கேரளாவுக்குள்ள. மூணு ஏக்கர் தென்னை, பாதி மரம் கள்ளுக்கு விட்டிருக்கு. கெழக்கு வேலியத் தாண்டுனா தமிழ்நாடு. அந்தப் பக்கம் ஒருத்தரு ரெண்டு ஏக்கர்ல கிராவல் எடுக்கறாரு. பத்தடியில ஆரம்பிச்சது, இப்ப முப்பதுக்கு மேல போயிருச்சு. மாசியில குழிக்குள்ள ஊத்து உடைஞ்சுது. அதுல இருந்து ராப்பகலா மோட்டாரு வெச்சு ஓடையில எறைச்சு விடறாங்க.

எங்க அப்பாரு வெட்டுன கெணறு 55 அடி. எந்தக் கோடையிலயும் தண்ணி இதுக்குக் கீழ போகாதுன்னு ஒரு படியில நீல பெயிண்ட்ல கோடு போட்டு வெச்சிருந்தாரு. இப்ப அந்தக் கோடு ஆறடி ஒசரத்துல காத்தாடிக்கிட்டு நிக்குது. முன்ன ரெண்டு மணி நேரம் ஓடுன மோட்டாரு முக்கா மணி நேரத்துல காத்து இழுக்குது.

கேட்டா, "வேலை முடிஞ்சா குழி குளமாயிரும், உங்க கெணத்துக்குத்தானே ஊறும், அதுவரைக்கும் வாரம் ஒரு டேங்கர் அனுப்பறேன்"ங்கறாரு. இந்தப் பக்கத்து ஆபீஸ்ல குழி அங்க இருக்குன்னாங்க. அந்தப் பக்கத்து ஆபீஸ்ல கெணறு அங்க இருக்குன்னாங்க.

குழி குளமானா எனக்கு லாபமா நட்டமா? போன தண்ணிக்கு ஈடா தண்ணியே கேக்க வழியிருக்குங்களா? காசு வேண்டாம்.

மீன்கொத்தி

குளம் வந்தா நல்லதுதானேங்க. கட்லா, ரோகு விடலாம். நம்ம ஏரியாவுல குழி வெட்டி நிக்கற தண்ணிய எல்லாரும் வரம்ங்கறாங்க, நீங்க சாபம்ங்கறீங்க.

வேலந்தாவளம் தென்னை

மீனு அவரு குழியில, வறட்டுக் கெணறு என்ற தோட்டத்துல. நீங்க நல்லா இருங்க.

பொள்ளாச்சி டூ டென்வர்

அண்ணா, நான் பொள்ளாச்சிக்காரன். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல ஒரு கிராவல் குவாரிக்குத் தண்ணிக் கணக்கு எழுதற வேலையில ஏழு வருசம் இருந்தேன். நீங்க கேட்ட கேள்விதான் எனக்கு அங்க சம்பளம் போட்டுச்சு.

அங்க சவுத் பிளாட் ஆத்தோரத்துல கூழாங்கல் எடுக்கறாங்க. குழி நிலத்தடி நீரைத் தொட்டுருச்சுன்னா சட்டப்படி அது குழியில்ல, கெணறு. கெணத்துக்கு வாங்கற மாதிரி பர்மிட் வாங்கணும். ஆத்துத் தண்ணியில முந்தி எடுத்தவனுக்குத்தான் முதல் உரிமை, ஆறு முழுக்க ஏற்கெனவே பேர் எழுதியாச்சு. அதனால குழியில இருந்து வெயில் குடிக்கற தண்ணிய குவாரிக்காரர் வேற இடத்துல விலைக்கு வாங்கியாவது ஆத்துல திருப்பி விடணும். எவ்வளவு குறைஞ்சுதோ அவ்வளவு, எப்ப குறைஞ்சுதோ அப்ப, யாருக்குக் குறைஞ்சுதோ அவங்க மடைக்கு மேல. ஆவணியில குறைஞ்சதை மார்கழியில விட்டா செல்லாது. 1980 டிசம்பர் 31க்கு முன்னாடி திறந்த குழிகளுக்கு மட்டும் இந்த ஆவிக் கணக்குல விலக்கு. கழுவி லாரியில ஏத்தற கல்லுல ஒட்டிக்கிட்டுப் போற ஈரத்துக்கும் எடையில 4 சதவீதம்னு போட்டு நான் மாசாமாசம் எழுதியிருக்கேன். முதல் மாசம் சிரிப்பு வந்துச்சு.

இப்ப உங்க குளம். நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகுதுன்னு வைங்க, நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு இது ஒண்ணும் அதிகமில்ல. ரெண்டு ஏக்கர் தண்ணிப்பரப்புல அது 40,000 லிட்டர். தென்னைக்கு சொட்டுநீர்ல நாளைக்கு 60 லிட்டர்னா 650 மரத்துக்கு மேல பாயும். மழையில சேர்றதையும், முன்ன அந்த நிலத்துல இருந்த புல்லு பூண்டு குடிச்சதையும் கழிக்கணும், அங்கயும் கழிப்போம். மழைக்காலத்துல வெளித்தண்ணி வந்து விழுந்தா குழி உங்க கெணத்துக்குக் கொடுக்கவும் செய்யும். ஆனா உங்களுக்குத் தண்ணி வேண்டியது பங்குனி, சித்திரையில. அப்ப அந்தக் குழி உங்க ஊத்தை வானத்துக்குத் திறந்து வெச்ச மாதிரிதான்.

இன்னொண்ணு அண்ணா, இது அங்கயும் இங்கயும் வேற. நம்ம கிராவல் மக்கிப்போன பாறை. உங்க கெணறு தண்ணி குடிக்கறதே அந்த மக்கின அடுக்குல இருந்துதான், அதுக்குக் கீழ கெட்டிப்பாறை. மழைத்தண்ணிய வாங்கி வெச்சு மெதுவா விட்ட பாத்திரத்தையே அவர் லாரியில ஏத்திட்டு இருக்காரு. டேங்கர் தண்ணியால அந்த அடுக்கு திரும்ப வராது.

சித்தூர் வக்கீலம்மா

தம்பி சொன்ன சட்டம் இங்க இல்லீங்க. 1882ஆம் வருச ஈஸ்மென்ட் சட்டத்தை வெச்சு, தன் நிலத்துக்கு அடியில இருக்கற தண்ணி நிலத்துக்காரனுக்குன்னு எதிர்த்தரப்பு வாதாடும். அதுக்குத் தயாரா இருங்க.

ஆனா எல்லைப் பிரச்சினைக்கு ஒரு வழி இருக்கு. பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வு சென்னையில இருக்கு, தமிழ்நாடும் கேரளாவும் அதுக்குள்ளதான். 2010ஆம் வருசச் சட்டத்துல நிவாரணம் மட்டுமில்ல, கெட்டுப்போனதை மீட்டுக்கொடுங்கன்னும் கேக்கலாம். அதுக்கு அஞ்சு வருசம் டைம். குழி வேலைய நிறுத்தணும்னு கேட்டா ஆறு மாசத்துக்குள்ள போகணும். மாசியில ஊத்து உடைஞ்சுதுன்னா ஆடி தாண்ட விடாதீங்க. 2012ல தீபக் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டதுக்கு அப்புறம் அஞ்சு ஹெக்டேருக்குக் கீழ இருக்கற சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும். அந்த அனுமதியையும் சுரங்கத் திட்டத்தையும் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. எத்தனை அடி வரைக்கும் தோண்டலாம், நீர்மட்டம் எத்தனை அடியில இருக்குன்னு அவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. பாதிக் கேஸ் அந்தத் தாள்லயே இருக்கும்.

காசு வேண்டாம்னீங்களே, அது எனக்குப் புடிச்சுது. கோகோ கோலா கம்பெனி நிலத்தடித் தண்ணிய உறிஞ்சுன பிளாச்சிமடா உங்களுக்கு எட்டுன தூரம்தான். 216 கோடி ரூபா நட்டம்னு கமிட்டி கணக்குச் சொல்லி, 2011ல கேரளா சட்டசபை ஈடு வாங்கிக் குடுக்க மசோதாவும் போட்டுச்சு. ஜனாதிபதி ஒப்புதல் வரல, அந்த மசோதாவால ஒருத்தருக்கும் ஒத்த ரூபா வரல.

கெணத்து மட்டத்தை இன்னைக்கே அளக்க ஆரம்பிங்க. அவங்க மோட்டார் ஓடற நாள், நிக்கற நாள் ரெண்டையும் எழுதுங்க. நின்ன நாள்ல உங்க மட்டம் ஏறுனா அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வேலந்தாவளம் தென்னை

ரெண்டு பேருக்கும் கும்புடறனுங்க. கயித்துல கல்லக் கட்டி அளந்துட்டு இருக்கறன். முந்தாநேத்து காலையில 47 அடியில தண்ணி. நேத்து அவங்க மோட்டாரு ரிப்பேரு, நாள் பூரா ஓடல. இன்னைக்குக் காலையில 45½. பையனோட கணக்கு நோட்டுலதான் எழுதறன், அவன் பக்கத்துல இருந்து தேதி போட்டுக் குடுக்கறான்.

மத்தியானம் டேங்கர் வந்துச்சு. வாங்கிக்கறன், கெணத்துல தண்ணி கொறைஞ்சதுக்கு ஈடா இத்தனை லிட்டர்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கன்னேன். டிரைவரு தள்ளிப் போய் போன் பேசிட்டு வந்தாரு. ஒண்ணும் சொல்லல, வண்டிய ரிவர்ஸ் எடுத்து அப்படியே ஓட்டிட்டுப் போயிட்டாரு.