தேறிவிட்ட கணிதத்தை மறுபடியும் படிக்கலாமா?

கேள்வி: வாலாஜா மாணவன்

எனக்கு ஊர் வாலாஜாபேட்டை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. அங்கிருந்து வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. அதனால் முதலாண்டுக் கணிதம் இரண்டும் எனக்கு இல்லை. பிளஸ் டூவும் படித்ததில்லை. மூன்றாம் செமஸ்டரின் எம் 3 தாளை, அதாவது மூன்றாம் கணிதத் தாளை, முதல் முறை கோட்டைவிட்டேன். அடுத்த முறை வினா வங்கியை உருப்போட்டு சி கிரேடில் தேறினேன்.

அடுத்த செமஸ்டரில் வெப்ப மாற்றம் என்ற பாடம் வருகிறது. புத்தகத்தைப் புரட்டினேன், எம் 3இல் எனக்குப் புரியாத அதே சமன்பாடு அங்கேயும் நிற்கிறது. தேறிய தாளை மறுபடி எழுத முடியாது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்காட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போகிறேன். பஸ்ஸும் சாப்பாடும் அந்தக் கூலியில்தான். அதை நிறுத்திவிட்டுக் கணிதத்தை அடியிலிருந்து படிக்கலாமா? முதலாண்டு வகுப்பில் போய் உட்காரவும் தயார். "தேறியதை எதற்குத் தோண்டுகிறாய்" என்கிறார் அப்பா.

பதில்: ஆற்காடு சீனியர்

வேண்டாம் தம்பி. அரியர் இல்லாமல் முடிப்பதுதான் முக்கியம். அந்த நேரத்தில் நடப்புப் பாடங்களைப் படித்தால் மொத்த மதிப்பெண்ணாவது உயரும்.

பதில்: டிப்ளமோக்காரன்

மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை. நானும் டிப்ளமோவிலிருந்து வந்தவன். எம் 3 தாளை நான்கு முறை எழுதினேன். ஓட்டை ஃபூரியர் தொடரில் (ஒரு வளைவை சைன், காஸ் அலைகளின் கூட்டலாக எழுதும் முறை) இல்லை, அதற்கு அடியில் தொகையிடலில் (இன்டக்ரேஷன்) இருக்கிறது என்பது கடைசி முறைதான் தெரிந்தது. காஸ் என் பை என்று வந்தால் மைனஸ் ஒன்றின் என் அடுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ஏன் என்று தெரியாது. ஒரு நாள் காட்பாடி ஸ்டேஷனில் ரயில் தாமதம். நோட்டில் காஸ் அலையை வரைந்தேன். பை என்ற இடத்தில் அலை கீழே, இரண்டு பை வரும்போது மேலே, மூன்று பை வரும்போது மறுபடி கீழே. ஒன்றரை வருடமாக மந்திரம்போல் ஒப்பித்தது கண்ணெதிரே கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது ராணிப்பேட்டையில் ஏர் ப்ரீஹீட்டர் வேலை. பாய்லரிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டை, உள்ளே போகும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் இயந்திரம் அது. வெப்ப மாற்றம்தான் எனக்குச் சோறு போடுகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியர் 1822இல் அந்தத் தொடரை நூலாக வெளியிட்டதே வெப்பம் பரவுவதை விளக்கத்தான். சூடான கம்பியின் இரு முனைகளையும் பனிக்கட்டியில் வைத்ததாக நினைத்துக்கொள். அதன் சூட்டை அலைகளாகப் பிரித்தால், மூன்றாம் அலை முதல் அலையைவிட 9 மடங்கு வேகமாக அடங்கும். ஐந்தாவது 25 மடங்கு. அதனால்தான் சற்று நேரத்தில் நடுவில் சூடும் முனைகளில் குளிர்ச்சியுமாக ஒரே ஒரு வளைவு மிஞ்சுகிறது. இதை நீ கையால் போட்டுப் பார்த்துவிட்டால் அந்தப் புத்தகம் உன்னை மிரட்டாது.

பட்டறையை விடாதே. பதினொன்றாம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியை எடு. வகையிடல் (டிஃபரன்சியேஷன்), தொகையிடல், பெருக்கலாக வருவதைப் படிப்படியாகத் தொகையிடும் பெர்னோலி சூத்திரம் எல்லாம் அதில் இருக்கிறது. பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடுகள். இரண்டும் தமிழிலேயே இணையத்தில் இலவசம். விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார். வேலூர் வெயிலில் மதியம் கணக்கு ஏறாது.

பதில்: சத்துவாச்சாரி கணித ஆசிரியை

முதலாண்டு வகுப்புக்கு செமஸ்டர் முழுவதும் போக வேண்டாம். தொகையிடல் நடக்கும் வாரங்களில் மட்டும் அந்த ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அப்படிக் கேட்டு வந்த பிள்ளையை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், மெக்கானிக்கல் தாளில் 100க்கு 13 மதிப்பெண் பொறியியல் கணிதம்.

இன்றிரவு புத்தகம் பார்க்காமல் எக்ஸ் சைன் எக்ஸைத் தொகையிட்டுப் பாருங்கள். 5 நிமிடத்தில் வரவில்லை என்றால் எங்கே தொடங்குவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மறுமொழி: வாலாஜா மாணவன்

டீச்சர், 20 நிமிடம் ஆனது. முதலில் எக்ஸ் காஸ் எக்ஸ், கூட்டல் சைன் எக்ஸ் என்று வந்தது. அதைத் திரும்ப வகையிட்டேன், எக்ஸ் சைன் எக்ஸ் வரவில்லை. ஒரு மைனஸை விட்டிருக்கிறேன். மைனஸ் எக்ஸ் காஸ் எக்ஸ், கூட்டல் சைன் எக்ஸ். இப்போது சரியாக இருக்கிறது.

அண்ணா, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை இறக்கிவிட்டேன். ஞாயிறு பட்டறைக்கு வருவேன் என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். பெர்னோலி சூத்திரத்தில் குறிகள் ஏன் மாறி மாறி வருகின்றன? அதை மட்டும் எனக்கு விளக்க முடியுமா?