ஆன்டிபயாடிக் முடிந்தது, இனி கேப்சூலா பழைய சோறா?

கரிசல்காடு: பல்லில் சீழ் வைத்ததற்கு ஏழு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், நேற்றோடு முடிந்தது. பல் சரி, வயிறுதான் கெட்டுவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போகிறது. மருந்துக்கடையில் ஒரு மாதம் புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடைத்த கேப்சூல், எடுக்கச் சொன்னார்கள், ஒரு அட்டை வாங்கியும் வந்துவிட்டேன். அம்மாவோ பழைய சோறும் மோரும் போதும் என்கிறார்.

வைகைக்கரை: அம்மா சொல்வதைக் கேளுங்கள். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் சும்மா விடப்பட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்கள் மூன்று வாரத்தில் கிட்டத்தட்ட பழையபடி வந்துவிட்டன. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு மாதக்கணக்கில் வரவில்லை, வெளியிலிருந்து போனவை இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மருந்துக்கடை மாறன்: அதில் மொத்தமே 21 பேர் அண்ணே. அவர்கள் பார்த்தது எந்தக் கிருமி திரும்பி வந்தது என்பதை, வயிற்றுப்போக்கு நின்றதா என்பதை இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பைப் பாருங்கள், 33 ஆய்வு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக் கொடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு, கொடுக்காதவர்களில் 19 சதவீதம். பாதிக்கும் கீழே!

வைகைக்கரை: நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து, அதுவும் குழந்தைகளுக்கு. வராமல் தடுக்கக் கொடுத்தது அது. இவருக்கு மாத்திரை முடிந்து வயிறும் கெட்டாயிற்று, இப்போது ஒரு மாதம் எதற்கு? ஆறின சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிவிடுகிறது, பெருங்குடலில் நம் பாக்டீரியாக்கள் அதைத் தின்று ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் ஆக்குகின்றன, குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கியத் தீனி. வெளியாளைக் கொண்டுவராமல் வீட்டாளுக்குச் சோறு போடுங்கள் என்கிறேன்.

மாறன்: ஒரு மாதம் தேவையில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். மதியம் வடித்ததை ராத்திரி வரை சட்டியிலேயே விட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றினால், அதற்குள் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகியிருக்கும், அது உண்டாக்கும் ஒரு நச்சு சுட வைத்தாலும் போகாது. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற வயிறு.

நடவுக்காரி: அது சரியான பேச்சு தம்பி. எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு ஆறின கையோடு மண்சட்டியில் நல்ல தண்ணீர், சோறு மூழ்கி மேலே நாலு விரல் நிற்கும்படி. காலையில் இளம்புளிப்பு வாசம் வரவேண்டும். பருக்கையை எடுத்தால் நூல் விட்டாலோ, கூழாக நசிந்தாலோ மாட்டுக்குக்கூட வைக்க மாட்டேன். அப்புறம், இட்லியும் புரோபயாடிக்தான் என்று யாரும் கிளம்பாதீர்கள், ஆவியில் அதெல்லாம் செத்துப்போகும்.

மாறன்: காய்ச்சல், ரத்தம், வயிற்றில் கடும் வலி ஏதாவது உண்டா? இருந்தால் இந்தப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு சி. டிஃபிசில் என்ற கிருமி தலைதூக்கலாம். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடவே வேண்டாம்.

கரிசல்காடு: மூன்றும் இல்லை. இரண்டு நாள் உப்புப் போட்ட மோரும் குழைந்த சோறும் சாப்பிட்டுப் பார்க்கிறேன், நிற்காவிட்டால் மருத்துவர். அட்டையைப் பிரிக்கவில்லை, திருப்பி எடுப்பார்களா?

மாறன்: பில்லோடு நாளைக்கே கொண்டுபோங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டிய வகை என்றால் எடுக்க மாட்டார்கள்.