ஒரே பார்மசிஸ்ட் உள்ள மெடிக்கல்: மதியம் ஷட்டரை இறக்கலாமா?

வில்லாபுரத்து மருமகள் (கேள்வி):

வீட்டுக்காரர் டி.பார்ம் முடிச்சவர், சொந்த மெடிக்கல். காலை 8 மணிக்குத் திறந்தா ராத்திரி 10.30க்குத்தான் அடைப்பார். அதுக்கப்புறம் உட்கார்ந்து பர்ச்சேஸ் பில் ஏத்தணும். சாப்பாடு கவுண்டருக்குப் பின்னாடி ஸ்டூல்லயே முடிஞ்சிடும். பிள்ளைங்க எட்டாவதும் நாலாவதும் படிக்குதுங்க. ஞாயிறு சாயங்காலம் மட்டும்தான் அப்பா கண்ணுல படுறார். கடையில ஒரு பையன் இருக்கான், பார்மசி படிக்கல. நான் பிளஸ் டூல காமர்ஸ், அப்புறம் பி.காம். விற்பனை மாசம் சுமார் 3 லட்சம். கடை மேற்குப் பார்த்தது, மேல ஆஸ்பெஸ்டாஸ்.

மதியம் 2லேர்ந்து 4.30 வரைக்கும் நானும் பையனும் பார்த்துக்கிட்டா சட்டப்படி சரியா? இல்ல அடைச்சே போட்டா வியாபாரம் போயிடுமா? எதிர்க்கடையில 10 சதவீதத் தள்ளுபடி போர்டு வேற தொங்குது. நாமளும் போடணுமான்னு கேட்கிறார்.

கோரிப்பாளையம் கவுண்டர்:

சகோதரி, முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. டாக்டர் சீட்டுக்குத் தரும் மருந்தைப் பதிவு பெற்ற பார்மசிஸ்டின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். டயபர், பேபி சோப்பு, பஞ்சு மட்டும் விற்போம் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பழகிய ஆள் வந்து "தம்பி, அந்த ஆன்டிபயாடிக்ல நாலு மாத்திரை வெட்டிக் குடு" என்றால் பையனால் மறுக்க முடியாது. அந்த நேரத்தில் டிரக் இன்ஸ்பெக்டர் (மருந்து ஆய்வாளர்) உள்ளே வந்தால் லைசென்ஸுக்கே சிக்கல். பார்மசிஸ்ட் இல்லையென்றால் ஷட்டர் கீழே இருக்கட்டும், அதுதான் சுத்தம்.

நீங்களே டி.பார்ம் படிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ இருந்தால்தான் சேர முடியும். காமர்ஸ் படித்தவர்களுக்கு அந்த வழி இல்லை. ஆனால் உங்கள் பி.காம் வேறு இடத்தில் உதவும். அடுத்து யாராவது எழுதுவார்கள்.

ஷார்டேஜ் நோட்டு:

நான் எழுதுறேன். அண்ணனோட நேரத்தைத் தின்னுறது விற்பனை இல்லக்கா, பின்னாடி வேலைதான். அதுல மூணு விஷயம் இருக்கு.

பர்ச்சேஸ் என்ட்ரியை ராத்திரிக்குத் தள்ளக் கூடாது. சரக்கு வந்த கையோட பில்லையும் பெட்டியையும் பக்கத்துல வச்சு பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, எம்.ஆர்.பி. மூணையும் ஒத்துப் பார்க்கணும். ராத்திரி பார்த்தா பேட்ச் மாறி வந்தது தெரியாமலேயே ரேக்குக்குப் போயிரும். ஆறு மாசம் கழிச்சு ரிட்டர்ன் அனுப்பும்போது "இந்த பேட்ச் நாங்க குடுக்கல"ன்னு ஸ்டாக்கிஸ்ட், அதான் மொத்த வியாபாரி, திருப்பிவிட்டுருவார். இப்ப பல சாஃப்ட்வேர்ல ஸ்டாக்கிஸ்ட் அனுப்புற பில் ஃபைலை அப்படியே ஏத்திக்கலாம். இந்த வேலை பூரா நீங்க வீட்டுல இருந்தே செய்யலாம், சட்டம் தடுக்காது.

ஹெச்1 ரெஜிஸ்டரை, அதாவது கூடுதல் கட்டுப்பாடு உள்ள சீட்டு மருந்தை விற்குறப்ப எழுதுற நோட்டை, சேர்த்து வச்சு எழுதக் கூடாது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், அல்பிரசோலாம், டிரமடால் எல்லாம் அதுல வருது. டாக்டர் பேர், முகவரி, நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை, இவ்வளவுதான். விற்கும்போதே எழுதுனா அரை நிமிஷம். ராத்திரி ஞாபகப்படுத்தி எழுதுனா முக்கால் மணி நேரம் ஆகும், தப்பும் வரும். மூணு வருஷம் பத்திரமா வைக்க வேண்டிய நோட்டு அது.

எக்ஸ்பைரிக்கு ரேக் ரேக்கா தேடுறது வீண் வேலை. மாசத்துக்கு ஒரு டப்பான்னு பன்னிரண்டு டப்பா வைங்க. மூணு மாசத்துக்குள்ள முடியப்போறதை ரேக்குலேர்ந்து எடுத்து அந்தந்த மாச டப்பாவுல போட்டுரணும். வெட்டுன அட்டையைப் பெரும்பாலான ஸ்டாக்கிஸ்ட் திருப்பி வாங்க மாட்டாங்க. அதனால ஒரே மாத்திரையில ரெண்டு அட்டை வெட்டிக் கிடக்க விடக் கூடாது; முதல் அட்டை தீரணும், அப்புறம்தான் அடுத்தது. வெட்டும்போது எக்ஸ்பைரி அச்சடிச்ச பக்கம் கடையில நிக்கணும். பையனுக்கு முதல்ல சொல்லிக் குடுக்க வேண்டியதே இதுதான்.

சுகர், பிரஷர் மாத்திரை மாசாமாசம் வாங்குறவங்களுக்குத் தனி லிஸ்ட் போடுங்க. தீர்றதுக்கு நாலு நாள் முன்னாடி நீங்க போன் பண்ணிக் கேளுங்க. அண்ணன் காலையில சீட்டைப் பார்த்துப் பைகட்டி வச்சா, சாயங்காலம் சரிபார்த்துக் குடுக்குற வேலை மட்டும்தான் மிச்சம். சாயங்காலக் கூட்டத்துல பாதி இவங்கதான்.

வைகை வடகரை:

அடைப்பதற்கு முன் கூரையைக் கவனியுங்கள். மேற்குப் பார்த்த கடை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயில், ஷட்டரும் கீழே. உள்ளே அடுப்பங்கரை மாதிரி ஆகிவிடும். பெரும்பாலான மாத்திரைகளின் அட்டையில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழ் என்றே போட்டிருக்கும். முதலில் கெடுவது சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மருந்து). உருகி மறுபடி உறைந்தால் வடிவமும் போகும், மருந்தும் சீராக இருக்காது. மென் ஜெலட்டின் கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டும், கிரீமில் எண்ணெய் பிரியும். தைராய்டு மாத்திரை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வீரியம் இழக்கும், ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஃபால்ஸ் சீலிங்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் குறைந்தபட்சம். முடிந்தால் சிறிய ஏசி. மேற்குச் சுவரை ஒட்டிய ரேக்கில் மருந்தே வேண்டாம், டயபரை அடுக்குங்கள்.

ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இன்சுலினை நடுத்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும், ஃப்ரீசருக்கு அடியில் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும். ஒருமுறை உறைந்த இன்சுலினைக் கரைந்த பிறகும் கொடுக்கக் கூடாது. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு இரண்டையும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து, அடைக்கும் முன்னும் திறந்த பின்னும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பூட்டியிருந்த நேரத்தில் கரண்ட் போய் வந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அடைக்கும் அவசரத்தில் மெயின் சுவிட்சை அணைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஃபிரிட்ஜுக்குத் தனி லைன் இழுத்து, அந்த சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தள்ளுபடி போர்டு வேண்டாம். அரசின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்கு, கடைக்காரர் வாங்கும் விலையில் 16 சதவீதம்தான் மார்ஜின். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் 100க்கு வாங்கி 116க்கு விற்கிறார். 116இல் 10 சதவீதம் 11.60 போனால் மிச்சம் 4.40. மூன்று லட்சமும் இப்படியே விற்றதாக வையுங்கள்: கையில் நிற்கும் சுமார் 41,000இல் 30,000 தள்ளுபடிக்கே போய்விடும். வாடகையும் கரண்ட்டும் பையன் சம்பளமும் மீதி 11,000இல் அடங்குமா? பட்டியலுக்கு வெளியே வழக்கமாக 20 சதவீதம் கிடைக்கும், ஜெனரிக்கில் (பிராண்ட் பெயர் இல்லாத மருந்தில்) இன்னும் கூடும். எதிர்க்கடை அதை வைத்துத்தான் ஓட்டும். விலைதான் முக்கியம் என்பவர்கள் முதல்வர் மருந்தகத்துக்கோ மக்கள் மருந்தகத்துக்கோ போவார்கள். அவர்களைத் தள்ளுபடியால் பிடித்து வைக்க முடியாது.

கோரிப்பாளையம் கவுண்டர்:

இரண்டு விட்டுப்போனது. ராத்திரி 9 மணிக் களைப்பில்தான் கை மாறும். சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 போகும். அதைவிட மோசம் இன்சுலின் சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் வயலுக்கு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டால் 20 என்று இழுப்பவருக்கு 8 யூனிட்தான் போகும். தலைகீழாக மாறினால் 20க்கு 50 யூனிட் ஏறி, சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிவிடுவார். இரண்டையும் வேறு வேறு ரேக்கில் வைக்கச் சொல்லுங்கள். மதியம் ஒரு மணி நேரம் படுத்து எழுந்தவர் இதில் தவறுவது குறைவு.

அடுத்தது நேரம். 2 முதல் 4.30 வரை அடைத்தால் அவருக்குத் தூக்கம் கிடைக்கும், பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் கிளம்பிவிடுவார். எங்கள் பக்கம் கிளினிக் சீட்டுகள் 6 மணிக்கு மேல்தான் வருகின்றன, அங்கேயும் அப்படித்தான் இருக்கும். 2.30 முதல் 5.30 வரை அடைக்கச் சொல்லுங்கள். நேரத்தையும் போன் நம்பரையும் ஷட்டரில் பெரிதாக எழுதுங்கள், மாதாந்திர லிஸ்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் மாதம் நாலு பேர் முகம் சுளிப்பார்கள்.