இரவு பத்துக்கு மேல் பிளாக் கேட்டைப் பூட்டலாமா?

டியூஷன் அக்கா:
சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும், அரசு வாரியம் கட்டிக் கொடுத்த போர்டு குடியிருப்பு எங்களுடையது. எட்டு அடுக்கு. எந்த நகர், எத்தனையாவது பிளாக் என்று சொல்லவில்லை. படிப்பவர்களில் என் மாடிக்காரர்களும் இருக்கலாம்.

படிக்கட்டுக்குக் கீழே இரும்பு கிரில் கேட் போட்டு இரவு பத்துக்குப் பூட்டி, காலை நாலரைக்குத் திறக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. மாடிக்கு ஒரு சாவி. வாசலில் ஒரு கேமரா. கீழே இருக்கும் பெட்டிக்கடையை ஒன்பது மணிக்கு மூடச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் வீட்டுக்கு முந்நூறு ரூபாய் வசூல். நான் ஆதரவு.

ஐந்தாவது மாடியில் வரிசையாகச் சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த வராந்தா முனையில் எட்டு மணிக்கு மேல் பாட்டில் திறக்கிறார்கள். எங்கள் பிளாக் ஆட்கள் இல்லை, யாரென்றே தெரியாது. பல்பு போட்டால் மறுநாள் ஹோல்டர்தான் மிச்சம். லிஃப்ட் ஓடாத நாளில் என்னிடம் படிக்க வரும் பெண் பிள்ளைகள் எட்டரைக்கு டியூஷன் முடிந்து அந்த முனையைத் தாண்டித்தான் வீட்டுக்கு ஏற வேண்டும். போன மாதம் ஒருவன் வழியை மறித்துக்கொண்டு பெயர் கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு நானே ஒவ்வொரு பிள்ளையையும் வாசல் வரை விட்டுவிட்டு வருகிறேன். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

செகண்ட் ஷிஃப்ட்:
எதிர்ப்பு. சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பத்தரைக்கு ஷிஃப்ட் முடியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு வாசலில் கேப் நிற்கும், கான்ட்ராக்ட் ஆட்களான எங்களுக்கு இல்லை. ஷேர் ஆட்டோ திருப்பத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பிளாக் வரை நடை. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் முள்செடி, நடுவில் எரிந்தால் எரியும் தெருவிளக்கு. என் பயம் முழுக்க அந்த நடையில்தான் இருக்கிறது. படிக்கட்டுக்கு வந்துவிட்டால் மூச்சு வரும். இனி அங்கேயும் கேட் பூட்டியிருக்கும், நான் வெளியே நின்றுகொண்டு சாவிக்காரருக்குப் போன் போட வேண்டும், இல்லையா?

அவரும் சும்மா இறங்கி வரமாட்டார். "இந்நேரத்துக்கு எங்கேயிருந்து வர்றே" என்று கேட்டுக்கொண்டுதான் பூட்டைத் திறப்பார். தினமும் அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது.

சிந்தாதிரிப்பேட்டை பெருசு:
அம்மா, உன் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீ மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். நான் தரைத்தளம். என் ஜன்னலுக்கு நேரே பைக் நிறுத்துகிறார்கள். ராத்திரி பெட்ரோல் உறிஞ்சுகிற சத்தம் கேட்டு நான் எழுந்தால், வெளியே இருப்பவன் என்னைப் பார்த்து "போய்ப் படு பெருசு" என்கிறான். மோட்டார் ரூம் ஒயரை அறுத்துக்கொண்டு போய் ரெண்டு நாள் மொத்த பிளாக்கும் தண்ணீர் இல்லாமல் கிடந்ததே, அதற்கு யார் பொறுப்பு? கேட் வேண்டும். பெட்டிக்கடையும் மூட வேண்டும். சில்லறை சிகரெட்டும் பாக்கும் அங்கே கிடைப்பதால்தான் கண்டவனெல்லாம் வந்து குந்துகிறான்.

டெலிவரி தம்பி:
தாத்தா சொல்லும் "கண்டவன்" பட்டியலில் நானும் இருக்கிறேன். சாப்பாடு டெலிவரி. நைட் ஆர்டர் இருக்கும் நாளில் வீடு திரும்ப ஒரு மணி ஆகும். மற்ற நாளில் கடையில் டீ குடிக்காமல் மேலே ஏறமாட்டேன்.

கேட்டைப் பற்றிக்கூட எனக்குப் பெரிய கவலையில்லை. இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும்: அடுத்து "ரோந்து வேண்டும்" என்று மனு. ரோந்து வந்தால் முதலில் மாட்டுவது யார்? வண்டியை நிறுத்துவார்கள், எந்த ஊர் என்பார்கள், இந்த அட்ரஸைச் சொன்னதும் செல்போனில் போட்டோ எடுப்பார்கள். கேஸ் கணக்கு காட்ட வேண்டிய வாரத்தில் சந்தேக ஆள், பழைய குற்றவாளி என்று நன்னடத்தைப் பிணை கேட்கும் 109, 110 பிரிவு என்று எதையாவது எழுதிவிடுவார்கள். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அதுவே 128, 129. நம்பர்தான் மாறியது. நம்மைப் போலவே போர்டு குடியிருப்பான கண்ணகி நகரின் கார்த்திகா 2025ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வாங்கி வந்தபோது எல்லோரும் எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் என்றார்கள். மற்ற நாளில் இந்தப் பக்கத்து முகவரி போட்டு வேலைக்கு மனு கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

மேப் வரைகிறவன்:
நகரத் திட்டமிடல் படிக்கிறேன், வெளியாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ப்ரூயிட் ஐகோ என்று ஒரு ஏழைகள் குடியிருப்பு இருந்தது. 11 மாடியில் 33 கட்டடங்கள். 1950களில் கட்டி, 1972ல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக்கலைஞர் அதைப் பார்த்துச் சொன்னது: ஒரு வராந்தாவை ரெண்டு மூன்று குடும்பம் பகிர்ந்துகொண்டால் அது சுத்தமாக இருக்கிறது, யார் வருகிறார் போகிறார் என்று கவனிக்கிறார்கள். இருபது குடும்பமானால் யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது. எதிர்த் தெருவிலேயே கார் ஸ்கொயர் என்ற தாழ்வான வீட்டு வரிசை இருந்தது. அதே மாதிரி வசதியில்லாத மக்கள்தான், ஆனால் அங்கே அவ்வளவு தொல்லை இல்லை. அதனால் கேட் நல்லதுதான். மொத்த பிளாக்குக்கும் ஒன்று போடாமல் மாடிக்கு ஒன்றாகப் போடுங்கள்.

பழைய திடீர் நகர்:
தம்பி, அதே கதையின் மறுபாதியையும் சொல்லியிருக்கலாம். அந்தக் கட்டடங்களின் பராமரிப்புச் செலவு குடியிருந்தவர்கள் கட்டிய வாடகையிலிருந்து வர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆட்கள் காலி செய்யச் செய்ய வாடகை குறைந்தது. லிஃப்டையும் ஹீட்டரையும் பழுது பார்க்கக் காசில்லை. அதைப் பார்த்து இன்னும் பேர் கிளம்பினார்கள். சுவர் வடிவத்தை மட்டும் குற்றம் சொன்னால் பணம் தராதவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். கிரீம்ஸ் ரோடு பக்கம் நாங்கள் இருந்தபோது தெருவே எங்களைத் தெரிந்து வைத்திருந்தது. குடிகாரன் இருந்தான், அடிதடி இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவன் யார் மகன் என்று தெரியும், ராத்திரி அவன் அம்மாவைக் கூப்பிட்டால் காலர் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு வந்தோம். இருபதாயிரத்துக்கு மேல் வீடு. குலுக்கலில் சீட்டு எடுத்து ஒதுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேறு பிளாக், தம்பி குடும்பம் இன்னொரு மூலை. என் மாடியில் ஆறு பேட்டைக்காரர்கள். எவனையும் "டேய், உன் அம்மா எங்கே" என்று கேட்க முடியாது. கிரில் கேட் இதைச் சரி செய்யாது.

டியூஷன் அக்கா:
நீங்கள் சொல்வதெல்லாம் நியாயம்தான், அண்ணா. குலுக்கலைத் திருப்பி நடத்த என்னால் முடியுமா? தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம், ரசீது இருக்கிறது, விளக்கு இல்லை. கடைசி பஸ்ஸைத் தள்ளிப் போடச் சொல்லி எழுதினோம். லிஃப்டுக்காக நடையாய் நடந்தோம். நாங்களே காசு போட்டு, யாரிடமும் கெஞ்சாமல், அடுத்த வாரமே செய்யக்கூடியது இந்த ஒரு கேட்தான். அதையும் வேண்டாம் என்றால், சமூகம் மாறும் வரை பிள்ளைகளை ஐந்தாவது மாடி முனையில் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

செகண்ட் ஷிஃப்ட்:
அக்கா, பிள்ளைகளுக்கு வழி மறிக்கப்பட்டது எத்தனை மணிக்கு? டியூஷன் எட்டரைக்கு முடிகிறது என்று நீங்களே சொன்னதாக ஞாபகம். கேட்டைப் பூட்டுவது பத்துக்கு. அந்த ஆள் ஏழு மணிக்கே ஏறி உட்கார்ந்துவிடுகிறான். பத்து மணிக்குப் பூட்டினால் அவனை நாம் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம், நான் வெளியே நிற்கிறேன்.

டெலிவரி தம்பி:
இதற்கு என்ன பதில் என்று நானும் காத்திருக்கிறேன்.

ஒயர்மேன் 52:
சும்மா படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன், யாருமே நெருப்பைப் பற்றிப் பேசவில்லை. தேசியக் கட்டட விதிகளில் தெளிவாக இருக்கிறது: வெளியேறும் கதவை உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும். உங்கள் மீட்டர் போர்டு எங்கே? படிக்கட்டுக்குக் கீழே. அங்கே ஷார்ட் ஆனால் புகை எந்த வழியாக ஏறும்? அதே படிக்கட்டில். மேலிருந்து ஓடி வருகிறவர்கள் பூட்டிய கிரில்லில் மோதி நிற்பார்கள். நெஞ்சு வலிக்காரருக்கு 108 வந்தாலும் இதே கதை. கேட் போட்டே தீருவேன் என்றால் பூட்டு வேண்டாம். உள்பக்கம் தள்ளினால் திறக்கிற தாழ் போடுங்கள், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நம்பர் அழுத்துகிற பூட்டு. விலை கொஞ்சம் கூடும்.

சிந்தாதிரிப்பேட்டை பெருசு:
நம்பர் பூட்டு நம்பரை ஒரு வாரத்தில் பேட்டை முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

ஒயர்மேன் 52:
மாடிக்கு ஒரு சாவி கொடுத்தாலும் ஒரு வாரத்தில் டூப்ளிகேட் போட்டுவிடுவார்கள் ஐயா. சாவிக்கடைக்காரர் பிளாக் மீட்டிங்குக்கு வரமாட்டார்.

சொந்த வீடு:
மூல காரணத்தை யாரும் தொடவில்லை. ஒதுக்கீடு வாங்கியவன் வேறு இடத்துக்குப் போய்விட்டு வீட்டை வாடகைக்கு விடுகிறான். வருகிறவன் யார், எங்கிருந்து என்று கேட்பாரில்லை. வாடகைக்காரர்களைக் காலி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

செகண்ட் ஷிஃப்ட்:
நானும் வாடகைதான், அண்ணா. என் முன்பணத்தையும் சேர்த்துக் காலி செய்து தருகிறீர்களா? வாடகைக்கு விடக்கூடாது என்பது விதி என்பதால் நாங்கள் சங்கத்தில் பெயர் எழுத முடியாது, கூட்டத்தில் வாயைத் திறந்தால் "நீ யார்" என்பீர்கள். காலி வீட்டு வாசலில்தான் பாட்டில் திறக்கிறார்கள், என் வீட்டு வாசலில் இல்லை. அங்கே நான் தினமும் கோலம் போடுகிறேன்.

பெட்டிக்கடையைப் பற்றியும் ஒன்று. அந்த அக்கா பதினொன்று வரை கடை திறந்து வைத்திருப்பதால்தான் நான் அந்த நடையை நடக்கிறேன். திருப்பத்தில் இறங்கியதும் தூரத்தில் அந்த டியூப்லைட் தெரியும். ஒருநாள் பின்னாலேயே ஒருவன் வந்தபோது நேரே கடைக்குப் போய் நின்று ஒரு ரூபாய் மிட்டாய் வாங்கினேன்; அந்த அக்கா அவனைப் பார்த்து "என்ன வேணும்" என்று ஒரு அதட்டல் போட்டாள், போய்விட்டான். அவளை ஒன்பது மணிக்கு மூடச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் கேமரா வைக்கிறீர்கள். கேமரா அதட்டுமா?

சிந்தாதிரிப்பேட்டை பெருசு:
கேமரா அதட்டாது. ஆனால் மறுநாள் முகத்தைக் காட்டும். மோட்டார் ஒயரைத் திருடியவனை நான்தான் நேரில் பார்த்தேன், சாட்சி சொல்லச் சொன்னார்கள். கிழவன் சாட்சி சொல்லிவிட்டு அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் தூங்க வேண்டுமா? அந்த வேலையைக் கேமரா செய்யட்டும்.

பழைய திடீர் நகர்:
ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. கேமராவுக்கு நான் எதிரியில்லை. பெண்கள் பாதுகாப்புக்கு மத்திய அரசு ஒதுக்கிய நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரத் திட்டத்துக்கு எடுத்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அந்தப் பணத்தில் நம் பக்கம் எத்தனை விளக்கு வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முந்நூறு ரூபாயை நாம் ஏன் போட வேண்டும்? நம் குடியிருப்பு நம் பொறுப்பு திட்டத்தில், நாம் கட்டும் பராமரிப்புத் தொகைக்குச் சமமாக அரசும் போட வேண்டும். சங்கக் கணக்கில் அந்தப் பங்கு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செகண்ட் ஷிஃப்ட் தங்கைக்கு ஒன்று: 2019ல் கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறக்க அனுமதித்த அரசாணையில், இரவு எட்டுக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துச் சம்மதம், பாதுகாப்பு, போக்குவரத்து எல்லாம் நிபந்தனை. உங்கள் கான்ட்ராக்டரிடம் அது உங்களுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், ஷிஃப்ட் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு.

செகண்ட் ஷிஃப்ட்:
கேட்டவளுக்கு மறுநாள் டியூட்டி இருக்காது. ஆனாலும் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று விசாரிக்கிறேன்.

டெலிவரி தம்பி:
நான் ஒன்று சொல்லட்டுமா? ஐந்தாவது மாடி முனையில் உட்காருகிறவர்களில் ஒருவனை எனக்கு முகம் தெரியும், அடுத்த தெரு. கேரம் போர்டை நாங்கள் கீழே ஆடுகிறோம். அதை அந்த வராந்தாவுக்குக் கொண்டுபோய் ஏழு மணிக்கு ஆடினால் அவர்களுக்கு இடம் இருக்காது. பல்புக்கு ஒயர்மேன் அண்ணா ஒரு கம்பிக்கூண்டு அடித்துக் கொடுக்கட்டும். நாங்கள் உட்கார்ந்தால் பெண் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்குமா, அதையும் கேட்டுச் சொல்லுங்கள் அக்கா.

டியூஷன் அக்கா:
கேட்டேன். ரெண்டு பேர் "பரவாயில்லை மிஸ்" என்றார்கள், ஒருத்தி "அவங்களும் பசங்கதானே மிஸ்" என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

தீர்மானத்தை இப்படித் திருத்திக் கொண்டுபோகிறேன். சாவிப் பூட்டு இல்லை, உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் தாழ், வெளியே நம்பர் பூட்டு. காலி வீட்டு வாசல்களுக்கு முன்னால் கூண்டு போட்ட விளக்கு. சங்கக் கணக்கை எல்லோர் முன்னாலும் வாசிப்பது. பெட்டிக்கடையை மூடும் பேச்சு எடுபடாது என்று தெரிகிறது. ஐயா அதைத் தனியாகக் கிளப்பலாம். கேட் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஞாயிறு காலை பதினொன்றுக்குக் கூட்டம். வாடகைக்கு இருப்பவர்களும் வாருங்கள், யாரும் "நீ யார்" என்று கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

செகண்ட் ஷிஃப்ட்:
ஞாயிறு எனக்கு டியூட்டி, பத்தரைக்கே கிளம்பிவிடுவேன். நம்பர் பூட்டாக இருந்தாலும் எதிர்ப்பு என்று என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். தெருவிளக்கு எரிந்த பிறகு கேட்டைப் பற்றிக் கேளுங்கள், அப்போது சொல்கிறேன்.